எலியும் வாளும்

சரித்திர நாவல் எழுதுகிறவர்களுக்கு யானை பிடிக்கும், குதிரை பிடிக்கும், சுரங்க வழியில் தீவட்டியோடு நடந்து போகும் ஒற்றனை ரொம்பவும் பிடிக்கும். எலியை மட்டும் பிடிக்காது. வெள்ளைக் குதிரையில் ஒரு வீரனை ஏற்றி மதுரைக் கோட்டையை நோக்கி அனுப்பி வைத்தால் 52 வாரம் கதை ஓடும். சித்திரக்காரரும் சந்தோஷமாகப் படம் போடுவார். நெல் குதிருக்குள்ளிருந்து தள்ளாடிக்கொண்டு வெளியே வந்து வாசற்படியருகே செத்து விழுகிற ஓர் எலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்கு யார் படம் போடுவார்கள்?

எலியின் மேல் எனக்குத் தனிப்பட்ட பிரியம் எதுவும் கிடையாது. ஆனால் பதினான்காம் நூற்றாண்டைப் பற்றி நம்மிடையே உலவுகிற இரண்டு கதைகளைக் கேட்கும்போதெல்லாம், எலிக்காக வக்காலத்து வாங்க வேண்டும் போலிருக்கிறது. முதல் கதை மேடையில் சொல்லப்படுவது. வடக்கேயிருந்து ஒரு மதம் வாளோடு வந்தது. இன்னொரு மதம் வாளோடு அதைத் துரத்தியது. அதனால் தமிழ்நாடு தலைகீழாக மாறியது என்பது அது. இரண்டாவது கதை கல்லூரி வகுப்பில் சொல்லப்படுவது. ஐரோப்பாவில் பிளேக் வந்து மூன்றிலொரு பங்கு ஜனங்களைக் கொன்றது; அதனால் கூலி உயர்ந்தது, அடிமைத்தளை அறுந்தது, அறிவு விழித்தது; ஆகவே எந்தக் கொள்ளைநோயும் முடிவில் நன்மைக்கே என்பது அது. முதல் கதை ரத்தத்தைச் சூடாக்குகிறது. இரண்டாவது கதை மனத்தைக் குளிரப் பண்ணுகிறது. இரண்டுமே பொய்க் கணக்கு என்பது என் கட்சி.

மதுரைக் கதையை முதலில் பார்ப்போம். நடந்ததை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாலிக் காபூர் 1311-ல் வந்தான், கொள்ளையடித்துக்கொண்டு போனான். 1323-ல் டில்லிப் படை மறுபடி வந்தது. ஸ்ரீரங்கத்து உற்சவர் ஊரைவிட்டுப் புறப்பட்டுப் பல ஆண்டுகள் தேசாந்தரியாகத் திரிந்து 1371-ல்தான் திரும்பி வந்தார். 1335 வாக்கில் மதுரையிலிருந்த டில்லி அதிகாரி ஜலாலுத்தீன் அஹ்சன், டில்லியையே உதறிவிட்டுத் தானே சுல்தானானான். அவனையும் சேர்த்து எட்டுப் பேர் அந்தப் பட்டத்துக்கு வந்தார்கள். நான்காவதாக வந்த கியாஸுத்தீன் தாமகானி, ஹொய்சள மன்னன் மூன்றாம் வீரவல்லாளனைக் கண்ணனூர்க் கொப்பத்தில் பிடித்துக் கொன்று, தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டான். காட்டில் பிடிபட்ட கிராமத்து ஜனங்களைப் பெண் குழந்தை என்று பாராமல் கொன்றான், ஆண்களைக் கழுமரத்தில் ஏற்றினான்.

இவையெல்லாம் யார் எழுதி வைத்த செய்திகள் என்று நினைக்கிறீர்கள்? எந்த இந்துப் புலவரும் எழுதியதல்ல. மொராக்கோவிலிருந்து புறப்பட்டு உலகம் சுற்றிக்கொண்டு வந்த இப்னு பதூதா என்ற முஸ்லிம் நியாயாதிபதி எழுதியது. அவர் வெறும் விருந்தாளியும் அல்ல. அஹ்சனின் ஒரு மகளை அவர் மணந்திருந்தார். இன்னொரு மகளைக் கியாஸுத்தீன் மணந்திருந்தான். நம் வழக்கில் சொன்னால் சகலைபாடிகள். அப்படிப்பட்ட உறவுக்காரரே, இப்படியொரு கொடுமையை எந்த அரசனும் செய்து தாம் கேள்விப்பட்டதில்லை என்றும், இதற்காகத்தான் ஆண்டவன் அவன் சாவைத் துரிதப்படுத்தினான் என்றும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சகலையின் கொடுமையைக் கொடுமை என்று எழுதுவதற்கு அவருடைய மதம் தடையாக இல்லை. மேடைக் கதை சொல்லுகிறவர்கள் கொடுமையை எடுத்துக்கொள்கிறார்கள். அதைக் கண்டித்த மனிதனைச் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள்.

விட்டுவிடுகிற விஷயம் இன்னொன்றும் உண்டு. 1344 வாக்கில் இப்னு பதூதா மதுரைக்குள் நுழைந்தபோது அங்கே ஒரு கொள்ளைநோய் பரவியிருந்தது. நோய் கண்டவர்கள் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ போய்விட்டார்கள். அதிகம் போனால் நான்காம் நாள். வெளியே கிளம்பினால் நோயாளியையோ பிணத்தையோதான் பார்க்க முடிந்தது என்கிறார். நல்ல ஆரோக்கியம் என்று உத்தரவாதம் சொல்லி விற்கப்பட்ட ஓர் அடிமைப் பெண்ணை வாங்கினார். மறுநாள் அவள் இறந்து போனாள். சுல்தானோ, யோகி ஒருவர் இரும்புத் தூள் கலந்து செய்து கொடுத்த மாத்திரைகளைத் தின்று ஏற்கெனவே உடம்பைக் கெடுத்துக்கொண்டிருந்தான். மதுரைக்கு வந்தான்; நோய்க்குப் பயந்து ஊருக்கு வெளியே ஓர் ஆற்றங்கரைக்குப் போய்த் தங்கினான். அந்தக் கரையில் ஒரு கோவில் இருந்ததாம்! அவனுடைய ஒரே மகன் இறந்தான், தாய் இறந்தாள், பிறகு அவனும் இறந்தான். எந்த வாளும் அவனை நெருங்கவில்லை. பிற்பாடு இப்னு பதூதாவுக்கும் கடுமையான காய்ச்சல் வந்தது. அவரைப் பிழைக்க வைத்தது எது தெரியுமா? நம் ஊர்ப் புளி. ஒரு ராத்தல் புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தாராம். மூன்று நாள் வயிறு கழிந்து சுகமாயிற்று. உடனே, இந்த ஊரே வேண்டாம் என்று கப்பலேறப் புறப்பட்டுவிட்டார்.

கழுமரம் எத்தனை பேரைக் கொன்றது, காய்ச்சல் எத்தனை பேரைக் கொன்றது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். காய்ச்சல் ஆள் பார்த்துக் கொல்லவில்லை. சுல்தானின் மகனையும் கொன்றது. சந்தையில் விலைக்கு வந்த அடிமைப் பெண்ணையும் கொன்றது.

சரி, வாளாவது ஆள் பார்த்துக் கொன்றதா? அதுவும் இல்லை. மாலிக் காபூர் வருவதற்கு முன்பே பாண்டிய நாடு இரண்டாகக் கிழிந்து கிடந்தது. குலசேகர பாண்டியனின் மக்கள் சுந்தரனும் வீரனும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருந்தார்கள். வீரபாண்டியனின் படையில் முஸ்லிம் வீரர்கள் இருந்ததை டில்லிக் கவிஞர் அமீர் குஸ்ரோவே எழுதியிருக்கிறார். வீரவல்லாளனுடைய படையில் சுமார் 20,000 முஸ்லிம்கள் சேர்ந்திருந்ததாக இப்னு பதூதா சொல்கிறார். தப்பி ஓடிவந்த அடிமைகளும் குற்றவாளிகளும் என்று அவர்களைக் கேலியும் செய்கிறார். மதுரையை மீட்க விஜயநகரத்திலிருந்து வந்த குமார கம்பணன் வழியில் முதலில் யாரை அடித்தான்? படைவீட்டை ஆண்ட சம்புவராயரை. அவர் எந்த மசூதியில் தொழுதவர்? கம்பணனின் மனைவி கங்காதேவி தன் கணவனின் வெற்றியைப் பாடிய ‘மதுரா விஜயம்’ என்ற சம்ஸ்கிருத காவியத்திலேயே இந்தச் சம்புவராயர் யுத்தமும் இருக்கிறது. 1916-ல் திருவனந்தபுரத்தில் கிடைத்த ஓலைச் சுவடி அது. அதிலிருந்து மதுரையைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்து மேடையில் முழங்குகிறவர்கள், படைவீட்டை மட்டும் ஏன் மறந்துபோகிறார்கள்? கதை கெட்டுப்போகும். அதனால்தான்.

ராஜாக்களுக்கு ராஜ்யம் வேண்டியிருந்தது. அதை அவர்கள் மதத்தின் பெயராலும் கேட்டார்கள். குலத்தின் பெயராலும் கேட்டார்கள். பெயர் இல்லாதபோது சும்மாவும் கேட்டார்கள்.

அப்படியானால் சமூகம் மாறவில்லையா என்று கேட்பீர்கள். மாறியது. மாற்றியவர்கள் குதிரையில் வரவில்லை. மாட்டின் பின்னால் நடந்து வந்தார்கள்.

உத்தமபாளையத்திலிருந்து கம்பத்துக்குப் போகிற சாலையில் அனுமந்தன்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. நான் சொல்வதில் சந்தேகம் இருக்கிறவர்கள் அந்த ஊரில் இறங்கி அரை நாள் சுற்றிப் பார்க்கலாம். ஊரின் பெயர் அனுமனுடையது. ஊருக்குள் கத்தோலிக்கர்களின் தேவாலயம் இருக்கிறது. வடக்கே எட்டிய தூரத்தில் உத்தமபாளையம். அங்கே தமிழைத் தவிர வேறு தாய்மொழி அறியாத ராவுத்தர்கள். 1956-ல் அவர்கள் பெயரால் எழுந்த கருத்த ராவுத்தர் கல்லூரியில் பள்ளத்தாக்கின் எல்லா ஜாதிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். தெற்கே கம்பம், அங்கே வீட்டுக்குள் கன்னடமும் வீதியில் தமிழும் பேசுகிற குடியானவர்கள். போடிநாயக்கனூர்ப் பக்கம் போனால் வீட்டுக்குள் தெலுங்கு. இத்தனை பேருடைய வயலுக்கும் ஒரே முல்லைப் பெரியாற்றின் தண்ணீர்.

இவர்களில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்களின் முன்னோர் விஜயநகரக் காலத்திலும், அதற்குப் பின் நாயக்கர் காலத்திலும் அலை அலையாக வந்தவர்கள். கம்பத்தில் நந்தகோபாலசாமி கோவில் தொழுவத்தில் ‘தம்பிரான் மாடு’ என்று ஒரு மந்தையையே தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். மாட்டுப் பொங்கலன்று அந்தத் தொழுவத்தில் கூட்டம் தாங்காது. நாட்டைவிட்டு நடந்து வந்தவனுக்குக் கோட்டையா கூட வந்தது? மாடுதான் கூட வந்தது. அவன் அதைத் தெய்வம் என்று சொன்னால் அதில் ஆச்சரியம் என்ன?

ராஜகம்பளத்தார் மத்தியில் ஒரு பழங்கதை உண்டு. ஒரு துருக்க ராஜா பெண் கேட்டான்; கொடுக்க மனமில்லாமல் இரவோடிரவாகப் புறப்பட்டார்கள்; குறுக்கே ஆறு வந்தது; இரு கரையிலும் இருந்த புங்க மரங்கள் வளைந்து பாலமாகி அவர்களைக் கரையேற்றின. அழகான கதை. அதைச் சொல்லி வளர்ந்த ஜனங்களின் மானத்தையும் துயரத்தையும் நான் மதிக்கிறேன். ஆனால் குலக்கதையைப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த பிராது போல வாசிக்கக்கூடாது. ஒரு சமூகம் வீடு வாசலை விட்டுப் பல நூறு மைல் நடப்பதற்குக் காரணம் ஒன்றாக இருப்பதில்லை. மழை பொய்த்திருக்கும், மாடு மேய்ச்சலின்றி மெலிந்திருக்கும், படை கடந்து போன வழியில் களஞ்சியம் காலியாகியிருக்கும், புதிய அரசு தெற்கே தரிசு நிலம் தருவதாகச் சொல்லியிருக்கும். இவ்வளவையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல முடியுமா? ஒரு பெண்ணும் ஒரு ராஜாவும் ஓர் ஆறும் வைத்தால் கதை நிற்கிறது. கதைக்கு அந்த உரிமை உண்டு. அந்தக் கதையைக் கொண்டு உத்தமபாளையத்து ராவுத்தரிடம் கணக்குக் கேட்கிறவனுக்கு எந்த உரிமையும் கிடையாது.

இனி இரண்டாவது கதைக்கு வருகிறேன். படித்தவர்களின் கதை என்பதால் இதன்மேல் எனக்குக் கோபம் சற்று அதிகம்.

1347-ல் மெஸ்ஸினா துறைமுகத்தில் இறங்கிய பிளேக், 1351-க்குள் ஐரோப்பாவில் மூன்றிலொரு பங்கு ஜனங்களையாவது தின்றது. பாதிப்பேர் என்று சொல்கிறவர்களும் உண்டு. இங்கிலாந்தில் அறுவடைக்கு ஆள் கிடைக்கவில்லை, கூலி ஏறியது. இதுவரை சரி. ஆனால் கூலி ஏறியவுடன் பிரபுக்கள் கைகட்டி நின்றார்களா? 1351-லேயே கூலியைப் பழைய அளவுக்கு மேல் கேட்கக்கூடாது என்று பார்லிமெண்டில் சட்டம் போட்டார்கள். குடியானவர்கள் 1381-ல் கிளர்ந்தெழுந்து லண்டனுக்குள் புகுந்தார்கள், அடித்து நொறுக்கப்பட்டார்கள். பிறகும் விடவில்லை, மெள்ள மெள்ளத்தான் தளை கழன்றது. ஐரோப்பாவின் கிழக்குப் பக்கத்திலோ நேர்மாறு. ஆள் குறைந்துவிட்டது என்பதையே காரணமாகச் சொல்லி, இருக்கிறவனை மண்ணோடு சேர்த்துக் கட்டினார்கள். அடுத்த நூற்றாண்டுகளில் அங்கே அடிமைத்தளை இறுகியது. எகிப்தில் ஆள் செத்துப் போனதால் வாய்க்கால்கள் தூர்ந்தன. ஆண்டவர்கள் மிஞ்சியவனிடமே முழு வரியையும் கறந்தார்கள். ஒரே நோய் மூன்று இடத்தில் மூன்று பலன் தந்ததென்றால், பலனைத் தந்தது நோயா, அல்லது அங்கங்கே இருந்த மனிதர்கள் ஒருவரோடொருவர் போட்ட சண்டையா? கூலியாள் போராடி வாங்கிய உரிமையை எலியின் கணக்கில் வரவு வைப்பது என்ன நியாயம்?

இன்னும் ஓர் உதாரணம் சொல்கிறேன். மதுரையை விட்டுப் போன அதே இப்னு பதூதா 1348-ல் டமாஸ்கஸில் இருந்தார். அப்போது அங்கே பிளேக். முஸ்லிம்கள் மூன்று நாள் நோன்பிருந்தார்கள். பிறகு ஊர் முழுவதும் வெறுங்காலோடு நடந்தது. முஸ்லிம்கள் குர்ஆனை ஏந்தி வந்தார்கள். யூதர்கள் தோராவையும் கிறிஸ்தவர்கள் சுவிசேஷத்தையும் ஏந்தி வந்தார்கள். ஆணும் பெண்ணும் குழந்தைகளும் அழுதுகொண்டே வந்தார்கள். அதைக் கண்ணால் கண்டு எழுதினார். அடுத்த வருஷம், 1349 பிப்ரவரி 14-ந் தேதி, ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று யூதர்கள் மேல் பழி சுமத்தி, நூற்றுக்கணக்கானவர்களை உயிரோடு கொளுத்தினார்கள். யூதர்களும்தானே இந்த நோயில் சாகிறார்கள் என்று போப் ஆறாம் கிளெமென்ட் 1348-லேயே எழுதியிருந்தார், யாரும் கேட்கவில்லை. கொளுத்திய அன்று ஸ்ட்ராஸ்பர்க்குக்குப் பிளேக் வந்திருக்கவே இல்லை! பிறகுதான் வந்தது. அதற்குள் யூதர்களிடம் வாங்கியிருந்த கடன்கள் ரத்தாகிவிட்டன. அவர்களுடைய ரொக்கம் பங்கு போடப்பட்டுவிட்டது.

ஆகவே சமூகத்தைப் பிளேக் மாற்றியது என்று சொல்லாதீர்கள். பிளேக் ஒரு பரீட்சை வைக்கிறது. டமாஸ்கஸ் ஒரு விடை எழுதியது. ஸ்ட்ராஸ்பர்க் ஒரு விடை எழுதியது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை, நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்குக்கே பிளேக் வந்திருக்கிறது. ஒருமுறை வந்து போன விருந்தாளியாக அல்ல. திரும்பத் திரும்ப வருகிற பங்காளியாக. ஏன் இந்தப் பள்ளத்தாக்கை மட்டும் அது விடமாட்டேன் என்கிறது என்று ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து 1934-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி ஏட்டில் நீண்ட கட்டுரை எழுதினார்கள். அதற்குள் உலகத்துக்கு உண்மை தெரிந்திருந்தது. 1894-ல் ஹாங்காங்கில் எர்சின் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். 1898-ல் கராச்சியில் சைமாண்ட், கிருமியை எலியிடமிருந்து கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்று நிரூபித்திருந்தார். கிருமி தெள்ளின் குடலை அடைத்துக்கொள்கிறது. எவ்வளவு குடித்தாலும் அதற்குப் பசி தீர்வதில்லை. பசி வெறியில் கடிக்கும்போது கிருமியைக் காயத்தில் கக்குகிறது. எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் சூடான அடுத்த உடம்பைத் தேடிப் போகிறது. அது பூணூல் போட்ட உடம்பா, தொப்பி போட்ட உடம்பா, சிலுவை போட்ட உடம்பா என்று பார்ப்பதில்லை. நெல் எங்கே குவிகிறதோ அங்கே எலி. நெல் மூட்டை எந்த வண்டியில் போகிறதோ அந்த வண்டியில் தெள்ளு. 1895-ல் பெரியாறு அணை வந்தபின் செழித்த இந்தப் பள்ளத்தாக்கில் நெல்லுக்கா பஞ்சம்?

எலி செத்து விழுந்தால் ஊரைக் காலி செய்துவிட்டு வயலில் குடிசை போட்டுக்கொண்டு போய் இருப்பது தென்னாட்டில் பிளேக் கண்ட கிராமங்களின் வழக்கம். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்று ஒரு தெய்வமே உண்டானாள். அத்தனை சாவுக்கும் பின்னால் இங்கே எந்த அறிவு விழித்தது? எந்தப் பண்ணையாளின் தளை அறுந்தது? செத்தவன் செத்தான், மிஞ்சியவன் குடிசையிலிருந்து திரும்பி வந்து பழைய கூலிக்கே நாற்று நட்டான். பிளேக்கை விரட்டியது விஞ்ஞானமும் சுகாதார ஊழியனும். டி.டி.டி.யும் ஸ்ட்ரெப்டோமைசினும் வந்த பிறகுதான் அது அடங்கியது. ‘எல்லாம் நன்மைக்கே’ என்ற தத்துவம் ஓர் எலியைக்கூடக் கொல்லவில்லை.

அறிவு வந்துவிட்டதே, இனிப் பரீட்சையில் தேறிவிடுவோம் என்று நம்பியிருந்தவர்களுக்கு 2020 வந்தது. டில்லி நிஜாமுத்தீனில் மத மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தவர்களிடம் தொற்று இருந்தது உண்மை. அதை வைத்துக்கொண்டு சில நாட்களில் ஒரு மதத்தையே நோயின் பெயராக ஆக்கிவிட்டார்கள். காய்கறி வண்டிக்காரனிடம் பெயரைக் கேட்டுவிட்டு வாங்கினவர்கள் இருந்தார்கள். வாங்காமல் திருப்பி அனுப்பினவர்களும் இருந்தார்கள். அந்த மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர்கள் மேல் போட்ட வழக்குகளை 2020 ஆகஸ்டில் பம்பாய் ஹைகோர்ட்டின் அவுரங்காபாத் அமர்வு தள்ளுபடி செய்தது. அவர்களைப் பலியாடுகளாக்கினார்கள் என்று தீர்ப்பிலேயே சொன்னது. கையில் செல்போன், மேஜைமேல் நுண்ணோக்கி, வாயில் மட்டும் 1349! கிணற்றில் விஷம் கலந்தவனைத் தேடுகிற புத்தி 671 வருஷத்தில் ஓர் அங்குலமும் நகரவில்லை.

அதனால்தான் பழைய சரித்திரத்தை எப்படிச் சொல்கிறோம் என்பதைப் பற்றி இவ்வளவு சண்டை போடுகிறேன். கொள்ளைநோய் காலத்தில் மனிதன் புதிதாக வெறுக்கக் கற்றுக்கொள்வதில்லை. சுகமாக இருந்த காலத்தில் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு படித்த கதைகளைத்தான் அப்போது கையில் எடுக்கிறான். மதுரைச் சுல்தானை வாரா வாரம் ஒரு மதத்தின் முகமாக எழுதி வைத்தால், அடுத்த காய்ச்சல் வரும்போது வாசகர் அந்த முகத்தைத் தெருவில் தேடுவார்.

“வில்லன் இல்லாமல் கதை எப்படி எழுதுவது?” என்று சக எழுத்தாளர்கள் கேட்கலாம். தாராளமாக எழுதுங்கள். கியாஸுத்தீன் கொடியவன், அவன் கழுமரத்தை எழுதுங்கள். கூடவே அதைக் கண்டு சகிக்காத அவன் சகலையையும் எழுதுங்கள். கம்பணனின் குதிரையை எழுதும்போது அது மிதித்துக்கொண்டு வந்த படைவீட்டு வயலையும் எழுதுங்கள். அந்தக் குதிரைக்குப் போட்ட தீனிப் பையில் ஓர் எலி இருந்தது, அதையும் எழுதுங்கள். அரண்மனைக்கு வெளியே ஒரு கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, மொழி தெரியாத பள்ளத்தாக்குக்குள் குடும்பத்தோடு நுழைகிற ஒருவன் இருக்கிறான். அவனுக்கு முதல் நாள் யாரோ ஒரு வீட்டில் கஞ்சி ஊற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவனுடைய பேரர்கள் இன்று அங்கே இருக்க மாட்டார்கள். ராஜாக்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது, காவியம் இருக்கிறது. கஞ்சி ஊற்றியவளுக்கு எதுவும் இல்லை. நாவலாசிரியன் என்று ஒருவன் வேண்டியிருப்பதே அவளுக்காகத்தான்.